தயவுசெய்து திரையைப் பாருங்கள்

என் இரண்டு கண்களும் பிறவியிலேயே ஒத்துப்போகாதவை. ஒன்று வேலையைப் பார்த்தால் இன்னொன்று வேடிக்கை பார்க்கும். இரண்டுக்கும் பார்வை உண்டு, சேர்ந்து ஓரிடத்தைப் பார்ப்பதில்தான் தகராறு. நான் ஒருவரைப் பார்த்து "வாங்க" என்றால் இரண்டு பேர் வருவார்கள். ஐம்பத்து மூன்று வயதுவரை இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் ஏற்பட்டதில்லை. போன வருஷம்தான் என் கண்கள் நகரத்தின் பாதுகாப்புக்கே ஆபத்தானவை என்று தண்ணீர் வாரியம் கண்டுபிடித்தது.

நான் அந்த வாரியத்தில் பம்ப் ஓட்டுபவன். இருபத்தாறு வருஷம் ஆகிறது. காலை ஐந்து மணிக்கு மோட்டாரைப் போட வேண்டும். கீழ்த்தெருக்களுக்குப் போகும் வால்வைக் கொஞ்சம் நெரித்தால், தண்ணீர் வேறு வழியில்லாமல் மேட்டுத்தெருவுக்கு ஏறும். அதிகம் நெரித்தால் குழாய் வெடிக்கும். நெரிக்காவிட்டால் மேட்டுக்கு ஒரு சொட்டுக்கூடப் போகாது. எவ்வளவு நெரிப்பது என்பதை எந்த முள்ளும் காட்டாது. குழாயில் காதை வைத்துக் கேட்க வேண்டும். தண்ணீர் முனகினால் சரி, சீறினால் திறந்துவிட வேண்டும். இப்படி நாற்பது நிமிடம். வேலை இவ்வளவுதான். இதற்குக் காது போதும், கண்ணை யாரும் கேட்டதில்லை.

மேட்டுத்தெருவின் கடைசி வீடு என் அக்காவுடையது. அத்தானுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கைதான். ஒரு நாளைக்கு மூன்று விரிப்பாவது துவைத்தாக வேண்டும். "நீ தண்ணி விடற நாப்பது நிமிஷத்துலதான்டா தம்பி எங்க வீடு நாறாம இருக்கு" என்று அக்கா சொல்வாள். அவள் எதையும் பூசி மெழுகிச் சொல்லமாட்டாள்.

இப்படி இருக்கையில், எங்கோ வேறொரு ஊரில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்துவிட்டார்களாம். எங்கள் வாரியம் அவசரக் கூட்டம் போட்டது. பிஸ்கட்டுக்கே இந்தக் கதி என்றால் தண்ணீருக்கு என்ன கதி என்று ஒருவர் கேட்டாராம். அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாததால், இரண்டே மாதத்தில் தகவல் பாதுகாப்புப் பிரிவு என்று ஒன்று பிறந்தது. ஊருக்குத் தண்ணீர் விட மொத்தம் ஆறு பேர். அந்த ஆறு பேரையும் ஊரிடமிருந்து பாதுகாக்கப் பத்தொன்பது பேர். அவர்களுக்குச் சுழலும் நாற்காலி, குளிர்சாதன அறை, கழுத்தில் நீல நாடா. எங்கள் பம்ப் ஹவுஸில் இருந்த ஒரே நாற்காலிக்கு மூன்று கால்தான் என்பதால் நாங்கள் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்காருவோம்.

முதல் வேலையாக வால்வைத் திறக்கும் இரும்புச் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டார்கள். கையால் சுழற்றுவது பாதுகாப்பற்றதாம், யார் வேண்டுமானாலும் சுழற்றலாமாம். இருபத்தாறு வருஷத்தில் என்னைத் தவிர அதைச் சுழற்ற ஆசைப்பட்டவன் ஒருவனையும் நான் பார்த்ததில்லை. இனிமேல் மோட்டாரும் வால்வும் கம்ப்யூட்டர் வழியாக மட்டும். ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அதில் பதினாறு எழுத்து இருக்க வேண்டும், அர்த்தம் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் மாற்ற வேண்டும், எங்கும் எழுதி வைக்கக் கூடாது. உயர் அதிகாரிகளுக்கு வேலைப்பளு அதிகம் என்பதால் அவர்கள் மட்டும் மாற்றத் தேவையில்லை.

இதற்கெல்லாம் பிறகு வந்ததுதான் வீடியோ.

அதன் பெயர் "நீங்கள்தான் கதவு". நாற்பத்தேழு நிமிடம். வாரியத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் பார்த்துத் தேற வேண்டும். பாதுகாப்பு இயக்குநரே அதில் நடித்திருந்தார். பெருமை தாங்காமல் ஊரார் பார்க்கட்டும் என்று இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள். கோட்டு சூட்டோடு, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு, எங்கள் குழாய்களுக்கு நடுவே அவர் மெதுவாக நடந்து வருவார். படம் பிடித்த அன்று குழாயில் கசிவு இருந்ததால் அவர் காலடியில் ஈரம் இருக்கும். அதை அடைக்கச் சொல்லி நான் நான்கு மாதமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

"நாம் தண்ணீர் வாரியம் அல்ல," என்பார் இயக்குநர், கேமராவைக் கூர்ந்து பார்த்து. "நாம் ஒரு தகவல் வாரியம். தண்ணீர் என்பது நம் தகவலின் திரவ வடிவம் மட்டுமே."

இதை நான் முப்பது தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன். ஏனென்றால் இதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

வீடியோ ஓடும்போது ஆட்கள் கொட்டாவி விட்டு வேறெங்காவது பார்க்கக் கூடாது என்பதற்காகத் திரையின் மேல் ஒரு கேமரா வைத்திருந்தார்கள். அது நம் கண்களைக் கவனித்துக்கொண்டே இருக்கும். கண் திரையை விட்டு விலகினால் வீடியோ நின்றுவிடும். ஒரு பெண்குரல், "தயவுசெய்து திரையைப் பாருங்கள்" என்று சொல்லும். மூன்று முறை சொன்ன பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கும். முன்னால் தள்ளிப் பார்க்கவும் வழி கிடையாது.

நான் வாளியில் உட்கார்ந்தேன். இயக்குநர் நடந்து வந்தார். வலது கண்ணால் நான் அவரைப் பார்த்தேன். இடது கண் தன் வழக்கப்படி ஜன்னலுக்கு வெளியே போனது.

"தயவுசெய்து திரையைப் பாருங்கள்."

தலையைத் திருப்பி இடது கண்ணைத் திரைக்குக் கொடுத்தேன். வலது கண் மோட்டாரைப் பார்த்தது.

"தயவுசெய்து திரையைப் பாருங்கள்."

ஒரு கண்ணைக் கையால் பொத்தினேன். "முகத்தை மறைக்க வேண்டாம்" என்றாள். கறுப்புக் கண்ணாடி போட்டேன். "இருக்கையில் யாரும் இல்லை" என்றாள். கண்ணாடியைக் கழற்றினேன். முதலிலிருந்து இயக்குநர் நடந்து வந்தார்.

எங்கள் மேற்பார்வையாளரிடம் போனேன். எதைச் சொன்னாலும் "பார்ப்போம்" என்பார் என்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

"சார், எனக்கு மாறுகண்ணு. அந்த மெஷின் ஒத்துக்க மாட்டேங்குது."

"பார்ப்போம்," என்றார் பார்ப்போம். "உதவி எண்ணுக்கு போன் போடுங்க."

போட்டேன். கனிவான குரலில் ஓர் ஆள் என் குறையை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"புரியுது சார். கண் விலக்கு கேட்டு நீங்க ஒரு விண்ணப்பம் போடணும். லாகின் பண்ணா உள்ளேயே படிவம் இருக்கு."

"போட்டுடறேங்க."

"அதுக்கு முன்னாடி பயிற்சி முடிச்சிருக்கணும். முடிக்காதவங்களுக்குப் படிவம் திறக்காது."

"பயிற்சியை முடிக்க முடியாததாலதானே விலக்கு கேக்கறேன்?"

"ஆமா சார், கரெக்ட்டாப் புரிஞ்சுக்கிட்டீங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் ஒரே ஆள், அதுவும் போனில். கண் டாக்டரிடம் சான்று வாங்கிக் காகிதத்தில் அனுப்பினேன். "இரண்டு கண்களிலும் பார்வை நன்றாக உள்ளது" என்று உண்மையை எழுதியிருந்தார் அந்த நல்ல மனிதர். அதைப் படித்த பாதுகாப்புப் பிரிவு, பார்வை நன்றாக இருந்தும் திரையைப் பார்க்க மறுப்பது ஏன் என்று விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை அனுப்பியது.

அந்த வாரத்தில்தான் இன்னொன்று நடந்தது. மதியம் மூன்று மணி இருக்கும். பம்ப் கம்ப்யூட்டர் முன்னால் யாருமில்லை. நான் வாளியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. மோட்டார் பக்கத்தைத் திறந்தது, வால்வுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது, மூடிவிட்டுப் போனது. புது வீட்டுக்குக் குடிவர நினைக்கிறவன் அறை அறையாக எட்டிப் பார்ப்பானே, அந்த மாதிரி. மறுநாளும் அதே மூன்று மணிக்கு வந்தது.

பார்ப்போமிடம் ஓடினேன்.

"சந்தேகமா ஏதாவது நடந்தா அறிவிக்கணும்னு வீடியோல பன்னெண்டாவது நிமிஷத்துல வருது," என்றார் அவர். "நீங்க பன்னெண்டாவது நிமிஷம் வரைக்கும் போகல. அறிவிக்கிற தகுதி இன்னும் உங்களுக்கு வரல."

"அப்ப நீங்க அறிவிங்க சார்."

"நான் பார்க்கலியே. பார்க்காததை நான் எப்படி அறிவிக்கிறது?"

சரி, தலையிடமே போவோம் என்று இயக்குநரின் அறைக்குப் போனேன். அவர் கைகழுவப் போயிருந்தார். உதவியாளர் என்னை உள்ளே உட்காரச் சொன்னார். உள்ளே இயக்குநரின் சுழல் நாற்காலியில் இயக்குநரே உட்கார்ந்திருந்தார். எழுந்து வணக்கம் சொன்னேன். அவர் அசையவில்லை. உற்றுப் பார்த்தால் அது ஆளுயரப் புகைப்படம். அட்டையில் ஒட்டி, நாற்காலியின் முதுகில் டேப் போட்டுக் கட்டியிருந்தார்கள். எதிரே திரையில் "நீங்கள்தான் கதவு" ஓடிக்கொண்டிருந்தது. கேமரா புகைப்படத்தைப் பார்த்தது. புகைப்படம் கண் இமைக்காமல் திரையைப் பார்த்தது.

"சாருக்கு நேரமில்ல," என்றார் உதவியாளர், ஒளிக்காமல். "ஆனா வாரியத்துலயே இவருதான் முதல் மார்க்கு. கவனம் நூத்துக்கு நூறு."

இயக்குநர் துண்டில் கையைத் துடைத்தபடி வந்தார். புகைப்படத்தைச் சற்றே நகர்த்திவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். நான் அம்புக்குறியைப் பற்றிச் சொன்னேன். அவர் சுவரில் இருந்த ஒரு விளக்கப்படத்தைக் காட்டினார். பச்சையாக ஒரு பெரிய வட்டம், அதில் மெல்லிய சிவப்புக் கீற்று ஒன்று.

"தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு சதவீதம் பேர் பயிற்சி முடிச்சாச்சு," என்றார். "இந்தச் சிவப்புக் கீத்து யாருன்னு தெரியுதா?"

"நானா சார்?"

"ஆபத்து வெளியில இருந்து வராதுய்யா. இந்தக் கீத்துலேருந்துதான் வரும். அம்பு நகருது, ஆடுதுன்னு கதை சொல்லாம அந்த வீடியோவைப் பாருங்க. நான் பார்க்கல? எனக்கு இல்லாத வேலையா உங்களுக்கு?"

சொல்லும்போது அவர் கை, புகைப்படத்தின் தோளில் இருந்தது. மனித ஆசைக்கு அளவு ஏது? வீட்டுக்குப் போகும் வழியில் நானும் ஒரு புகைப்படம் எடுத்துப் பெரிதாக்கி வாங்கிக்கொண்டு போனேன். மறுநாள் அதை வாளியின்மேல் நிறுத்தி வைத்தேன். படத்திலும் என் கண்கள் என் கண்களாகவே இருந்தன.

"தயவுசெய்து திரையைப் பாருங்கள்."

திங்கட்கிழமை வந்தது. பயிற்சி முடிக்காதவர்களின் கணக்கு மூடப்பட்டது. அதாவது என் கணக்கு. காலை ஷிஃப்டுக்கு இன்னும் இரண்டு பேர் உண்டு; மற்ற ஷிஃப்டுக்காரர்களின் கணக்கு காலையில் திறக்காது. ஒருவர் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்னொருவர் தேறியவர்தான். ஆனால் வெள்ளிக்கிழமை போட்ட அர்த்தமில்லாத பதினாறு எழுத்தைத் திங்கட்கிழமைக்குள் மறந்துவிட்டார். மூன்று தடவை தப்பாக அடித்ததும் அவர் கணக்கும் மூடிக்கொண்டது. திறக்க விண்ணப்பிக்க வேண்டும். லாகின் பண்ணினால் உள்ளேயே படிவம் இருக்கிறது.

ஊருக்குத் தண்ணீர் வரவில்லை.

சங்கிலியை அறுக்கலாம் என்று ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு காவலாளியை நிறுத்தியிருந்தார்கள். அவரும் பாவம், கையில் போனை வைத்துக்கொண்டு "நீங்கள்தான் கதவு" பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்பதால் என்னை நிமிர்ந்தும் பார்க்காமல், "வேண்டாங்க, எனக்கு வேலை போயிடும்" என்றார். ரம்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தாள்.

"தம்பி, மோட்டார் ரிப்பேரா?"

"இல்லக்கா. மோட்டார் நல்லா இருக்கு."

"பின்ன என்னடா? ரெண்டு நாளா அத்தான் அதே விரிப்புல கிடக்காரு. முதுகுல தோல் உரிஞ்சு புண்ணாகுது. கீழ்த்தெருக் கிணத்துக்குப் போயி ரெண்டு வாளி தூக்கிட்டு வந்தேன், குடிக்கறதுக்கே சரியாப்போச்சு. உன்னால முடியலன்னா முடியலன்னு சொல்லு, நான் வேற வழி பாக்கறேன்."

"முடியும்க்கா. விட மாட்டேங்கறாங்க."

"யாரு?"

எப்படிச் சொல்வது? ஒரு வீடியோ என்றா? "பாதுகாப்பு" என்றேன். அக்கா போனை வைத்துவிட்டாள். அன்று மாலை வாரியம் மக்களுக்காக ஒரு புது வீடியோ வெளியிட்டது. அதில் இயக்குநர் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரைக் கையில் பிடித்தபடி, "உங்கள் தாகமே எங்கள் பாதுகாப்பின் அளவுகோல்" என்றார். பேசி முடித்து அந்தத் தண்ணீரைக் குடித்தார்.

புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு நான் வழக்கம்போல வந்து வாளியில் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? திடீரென்று மோட்டார் உறுமியது. திரும்பிப் பார்த்தால் திரையில் அம்புக்குறி ஓடிக்கொண்டிருந்தது. அவன்தான், மூன்று மணிக்காரன். நான் மவுஸைத் தொட்டேன். கேமரா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அனுமதியற்ற நபர்" என்று மவுஸைப் பூட்டியது. அம்பு மட்டும் யாரையும் சட்டை செய்யாமல் அதன்பாட்டில் போனது. தண்ணீர் கீழ்த்தெருவுக்குப் பாய்ந்தது. மேட்டுக் குழாய் ஊமையாக இருந்தது.

அப்போது திரையில் ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"அங்க யாராவது இருக்கீங்களா?"

கீபோர்டைப் பூட்ட அவர்கள் மறந்திருந்தார்கள். ஒற்றை விரலால் அடித்தேன். "இருக்கேன். நீங்க யாரு?"

"திருடன்தான். மேட்டுத்தெருவுக்குப் பிரஷர் காட்டலையே, ஏன்?"

"நீங்க ஏன் தண்ணி விடறீங்க?"

பதில் கோபமாக வந்தது.

"நான் தண்ணியை நிறுத்தத்தான்யா வந்தேன். நிறுத்திட்டு, கேட்டதைக் குடுத்தாத்தான் விடுவேன்னு மிரட்டறதா இருந்தேன். மூணு நாளாப் பார்க்கறேன், நீங்களே நிறுத்தி வச்சிருக்கீங்க. ஓடாததை எப்படி நிறுத்தறது? மொதல்ல ஓட விட்டாத்தானே நான் நிறுத்த முடியும்?"

நியாயமாகத்தான் பட்டது. கள்ளன் ஆனாலும் தன் தொழிலில் ஓர் ஒழுங்கு வைத்திருந்தான். எனக்கு அத்தானின் முதுகு ஞாபகம் வந்தது.

"கீழ்த்தெருவுக்குப் போற மூணாம் வால்வை நெரிங்க," என்று அடித்தேன். "கொஞ்சம் கொஞ்சமா. நான் குழாய்ல காது வச்சுச் சொல்றேன்."

அவன் நெரித்தான். நான் ஓடிப்போய்க் காதை வைத்தேன். ஓடி வந்து "இன்னும்" என்று அடித்தேன். மறுபடி ஓடினேன். சீறியது. "கொஞ்சம் விடுங்க" என்றேன். விட்டான். தண்ணீர் முனக ஆரம்பித்தது. இருபத்தாறு வருஷத்தில் என் பேச்சை ஒழுங்காகக் கேட்ட முதல் அதிகாரி அவன்தான்.

"எப்படி உள்ள வந்தீங்க?" என்று கேட்டேன்.

"உங்க வீடியோவைப் பார்த்துத்தான். நாலு தடவை பார்த்தேன், முழுசா. முப்பத்தொண்ணாவது நிமிஷத்துல உங்க இயக்குநர் தன் அறையில நின்னுக்கிட்டு பாஸ்வேர்டை எங்கயும் எழுதி வைக்காதீங்கன்னு சொல்றாரு. அவருக்குப் பின்னாடி வெள்ளைப் பலகையில நீல மையில அவரு பாஸ்வேர்டு இருக்கு. அடியில கோடு வேற."

வாரியம் ஊரைக் கூட்டி எடுத்த அந்த வீடியோவைக் கண்ணை எடுக்காமல் முழுக்கப் பார்த்த ஒரே மனிதன் இவன். மற்றவர்கள் கண்ணைத் திரையில் வைத்துவிட்டு மனசை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"உங்களை ஏன் உள்ள விடல?" என்று கேட்டான்.

"எனக்கு மாறுகண்."

"தூ" என்று ஒரே எழுத்து வந்தது.

நாற்பது நிமிடம் ஆயிற்று. அக்கா போன் செய்து, "வந்துருச்சுடா, எல்லாத்தையும் துவைச்சுப் போட்டுட்டேன்" என்று அழுதாள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் தண்ணீர் டாண் என்று ஐந்து மணிக்கு வந்தது. ஒருநாள் நாற்பத்தைந்து நிமிடம்கூட விட்டான். தகவல் பாதுகாப்புப் பிரிவு கேக் வெட்டிக் கொண்டாடியது. புதிய பாதுகாப்பு ஏற்பாட்டினால் தண்ணீர் வழங்கல் சீரடைந்துவிட்டதாக ஓர் அறிக்கை விட்டார்கள்.

திருடன்தான் நாளுக்கு நாள் வாடிப்போனான். இயக்குநருக்கு மூன்று மிரட்டல் கடிதம் அனுப்பியிருக்கிறான். மூன்றுக்கும் ஒரே பதில் தானாக வந்திருக்கிறது: "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். பதில் பெற, பயிற்சியை முடித்து லாகின் செய்யவும்." ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர் விட்டு முடித்துவிட்டு, வெள்ளைப் பக்கத்தில் கடைசியாக எழுதினான்.

"அண்ணே, உங்க ஆளுங்ககிட்ட என்னால முடியாது. நான் பிஸ்கட் கம்பெனிக்கே போறேன்."

போய்விட்டான். திங்கட்கிழமை தண்ணீர் நின்றது. மேட்டுத்தெருக்காரர்கள் காலி வாளிகளோடு வாரியத்து வாசலுக்கு வந்து, "போன வாரம் தண்ணி விட்டவரைக் கூப்பிடுங்க" என்று சத்தம் போட்டார்கள். போன வாரம் விட்டது யார் என்று பார்க்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தண்ணீர் விட்டதெல்லாம் இயக்குநரின் கணக்கு. கூடவே வெள்ளைப் பக்கத்தில் என் ஒற்றை விரல் எழுத்துகள் அத்தனையும் பதிவாகியிருந்தன.

விசாரணைக் குழு அமைத்தார்கள். இயக்குநரின் கணக்கைப் பற்றிய விசாரணைக்கு இயக்குநரே தலைவர். அவருடைய கணக்கைப் பற்றி அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? பார்ப்போமும் ஓர் உறுப்பினர்.

"என் கவனம் நூறு சதவீதம்," என்று ஆரம்பித்தார் இயக்குநர். "சான்றிதழ் இருக்கு. கவனமா இருக்கிறவன் கணக்கு திருடு போகாது. ஆகவே என் கணக்கு திருடு போகல. உள்ளே இருக்கிற ஒருத்தர் உதவி பண்ணியிருக்கார்."

"சார், பாஸ்வேர்டு உங்க வீடியோலயே இருக்கு. முப்பத்தொண்ணாவது நிமிஷம். பின்னாடி பலகையில."

"முப்பத்தொண்ணாவது நிமிஷத்தை நீங்க எப்ப பார்த்தீங்க? உங்க பதிவு மூணாவது நிமிஷத்தோட நிக்குதே?"

"திருடன் சொன்னான் சார்."

"குறிச்சுக்கோங்க," என்றார் இயக்குநர். "திருடனோட பேச்சுவார்த்தையை ஒத்துக்கறார்."

வீடியோவைப் போட்டே பார்த்துவிடலாமே என்று ஓர் உறுப்பினர் மெதுவாகச் சொன்னார். முன்னால் தள்ள முடியாது, முப்பத்தொரு நிமிடமும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும் என்றார் பார்ப்போம். உறுப்பினர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த யோசனை அத்தோடு செத்தது.

"தண்ணி வந்துச்சே சார்," என்றேன். "ஒரு நோயாளி புண்ணோட கிடக்காரு. அஞ்சு நாள் அவரு சுத்தமா இருந்தாரே."

"தண்ணி வந்துதா இல்லையாங்கறது இந்தக் குழுவோட வரம்புக்குள்ள வராது," என்றார் இயக்குநர். அவர் கேலி செய்யவில்லை. அந்த மனிதர் நிஜமாகவே அதை நம்பினார். அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. மருமகள் உடைத்தால்தான் பொன்குடம் என்றாலும், குடம் சுமக்க வேறு மருமகள் வேண்டுமே? தண்டனையாக என்னைப் பற்றியே ஒரு வீடியோ எடுத்தார்கள். "உள்ளே இருக்கும் எதிரி". ஐம்பத்திரண்டு நிமிடம். என் வேடத்தில் எடுப்பான மூக்கும் நேரான கண்களுமாக ஒரு நடிகன். அவன் இருட்டில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கீபோர்டைப் பத்து விரலாலும் தட்டுவான். குழாயில் காது வைக்கும் காட்சியே இல்லை. இதைப் பார்த்துத் தேறினால் என் கணக்கைத் திறந்துவிடுவார்கள்.

"மறுபடியும் கண்ணுதானே சார் பிரச்சினை?" என்று பார்ப்போமிடம் கேட்டேன்.

அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக எதையோ பார்த்திருந்தார். "ஷூட்டிங்குக்காக அந்த நடிகன் மூஞ்சியை உங்க ஊழியர் எண்ணுல ஏத்திட்டாங்க," என்று காதோரம் சொன்னார். "எடுக்க மறந்துட்டாங்க. மெஷினைப் பொறுத்தவரைக்கும் இப்ப நீங்கன்னா அவன்தான்." விளம்பரத்துக்கு அச்சடித்த நடிகனின் அட்டைப்படம் ஒன்றையும் கையில் கொடுத்தார்.

அதை வாளியில் நிறுத்தினேன். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். கேமரா நடிகனைப் பார்த்துத் திருப்தி அடைந்தது. ஐம்பத்திரண்டு நிமிடமும் என்னைப் போன்ற ஒருவன் ஊரைக் காட்டிக் கொடுப்பதை நான் ஒரு கண்ணால் பார்த்தேன். மறு கண் ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்தது. அக்கா இரண்டு கையிலும் வாளியோடு ஏறிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் திரையில் ஒரே ஒரு கேள்வி வந்தது.

"இச்சம்பவத்தில் தவறு செய்தவர் யார்? அ. பம்ப் ஊழியர். ஆ. பம்ப் ஊழியர் மட்டும். இ. மேற்கண்ட இருவரும்."

விரலைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே அக்கா மறுபடி வாளிகளைத் தூக்கினாள். நான் "இ" யை அழுத்தினேன்.

"வாழ்த்துகள்! கவனம்: நூறு சதவீதம்." சான்றிதழில் என் பெயர், அந்த நடிகனின் முகம்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அட்டைப்படத்தைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். கணக்கின் கதவு திறந்தது. மோட்டாரைப் போட்டு, மூன்றாம் வால்வை நெரித்து, குழாயில் காதை வைத்தேன். தண்ணீர் முனகிக்கொண்டே மேடேறியது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"வந்துருச்சுடா தம்பி," என்றாள் அக்கா. "ஆனா நடுவுல அஞ்சு நாள் விட்டாரே, அவரு கை இன்னும் நல்ல கை. அவரு யாருடா?"

"நம்ம ஆபீஸ்தான்க்கா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். திரையில் நடிகன் என் பெயரோடு சிரித்துக்கொண்டிருந்தான். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. குடிதண்ணீர் நிலையம் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.